ஈயக் கொக்கின் துறவி

1970 அக்டோபர் 12, திங்கள்

இன்று காலை முதல் வேலையாக, தேவாலய ஆர்கனின் கால்கட்டைகளுக்கு நடுவில் செத்துக் கிடந்த சுண்டெலியைப் பழைய பாட்டுப் புத்தக அட்டையால் அள்ளி வெளியே போட்டேன். நேற்றைய ஆராதனையில் கீழ்ச் சுரம் ஒன்று கமறியதற்கு அதுதான் காரணம். ஆக, அது கடைசியாகக் கேட்டது என் வாசிப்பு. பாவம்.

லண்டனில் இசை படித்துப் பட்டம் வாங்கிய நாற்பத்து நான்கு வயதுக்காரி திங்கட்கிழமை காலையில் எலி அள்ளுகிறாள். பதினேழு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்கன், மற்ற நாட்களில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பியானோ. எழுதும்போது சிரிப்புத்தான் வருகிறது. வேறு ஏதாவது வரவேண்டுமோ?

வீடு திரும்பினால் வாசலில் ஜைல்ஸ். என்னிடம் எட்டு வருடம் பியானோ படித்தவன். இப்போது இருபத்திரண்டு வயது, தோள்வரை முடி, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"ஆர்கன் மேலருந்து குதிச்சேன் மிஸ்."

"ஆர்கன் மேல எதுக்குடா ஏறினே?"

"குதிக்கத்தான்."

எட்டு வருடம் நான் சொல்லிக்கொடுத்ததில் இது இல்லை.

அவனும் மூன்று நண்பர்களும் ஒரு இசைக்குழு வைத்திருக்கிறார்கள். பெயர் ஈயக் கொக்கு. ஏன் ஈயம், ஏன் கொக்கு என்று கேட்டேன். "அர்த்தம் இருந்தா பேரு கெட்டுரும் மிஸ்" என்றான். கட்டுப் பிரிக்க ஆறு வாரமாகும். அதற்குள் கல்லூரிகளில் ஆறு நிகழ்ச்சிகள். ஆர்கன் வாசிக்க ஆள் வேண்டும். அவனுக்குத் தெரிந்து கையும் காலும் சேர்ந்து வேலை செய்கிற ஒரே ஆள் நான்தானாம்.

முடியாது என்றேன். எத்தனை மணிக்கு என்றும் கேட்டேன். இரண்டும் என் வாயிலிருந்துதான் வந்தன.

அக்டோபர் 14, புதன்

ஊருக்கு வெளியே, பியருக்குப் போடும் ஹாப்ஸை உலர்த்துகிற பழைய சூளைதான் அவர்களுடைய பயிற்சிக் கூடம். உள்ளே நுழைந்ததும் தும்மல். அப்புறம் ஆட்கள்.

லயனல் பாட்டுக்காரன். உயரம், ஒல்லி. பாட்டின் நடுவே ஓடிப்போய்க் கொக்கு வேஷம் போட்டுக்கொண்டு வருவான். காகிதக்கூழில் செய்த அலகு, முழ நீளம். கீத் கிடார். இரண்டு மணி நேரத்தில் அவன் பேசியது ஒரே சொல்: "சுருதி." டெரிக் டிரம்ஸ். என்னைப் பார்த்தவுடன் எழுந்து நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பள்ளிக்கூடப் பழக்கம் போல.

"மிஸ், இது ஏழு எண்ணிக்கை. கொஞ்சம் கஷ்டமா இருக்கும்" என்றான் பயந்துபோய்.

பைபிள் சங்கீதங்களைப் பாடகர் குழுவோடு பாடும்போது எண்ணிக்கையே கிடையாது. குருவானவர் எங்கே மூச்சு விடுகிறாரோ அங்கே நானும் நிற்பேன். அவருக்கு ஆஸ்துமா வேறு. அதற்கு முன்னால் ஏழெல்லாம் எந்த மூலைக்கு? முதல் தடவையே வந்துவிட்டது. டெரிக்தான் தடுமாறினான்.

"மிஸ் தப்பா போறாங்களா, நான் தப்பா போறேனா?" என்று கீத்தைக் கேட்டான்.

"நீ" என்றான் கீத். ஆக இரண்டு சொல்.

ஒரே கஷ்டம், முன்னால் கண்ணாடி இல்லை. தேவாலயத்தில் சபைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். குருவானவர் தலையாட்டுவதும் மணப்பெண் வாசலில் வந்து நிற்பதும் எல்லாமே எனக்குத் தலைக்கு மேலே தொங்கும் கண்ணாடியில்தான். அது இல்லாமல் கழுத்து அறுந்த மாதிரி இருந்தது. டெரிக் வெளியே ஓடி, அவர்கள் வேனின் பின்பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிவந்து ஆர்கன் மேல் ஒட்டினான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜைல்ஸ் ஜன்னலில் தலையை நீட்டிப் பின்னால் வண்டி வருகிறதா என்று கத்திக்கொண்டே வந்தான்.

அக்டோபர் 19, திங்கள்

உடைப் பிரச்சினை. நான் இந்தச் சாம்பல் நிறக் கம்பளிக் கார்டிகனில் போவதாக இருந்தேன். லயனல் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மிஸ், உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா இத பாத்தா ஜனங்க எழுந்து நின்னு ஜெபம் பண்ண ஆரம்பிச்சிருவாங்க."

எனக்கோ வேறு கவலை. கேன்டர்பரிக் கல்லூரியில் நம் சபையார் வீட்டுப் பெண்கள் மூன்று பேர் படிக்கிறார்கள். ஒருத்தி பார்த்தால் போதும். ஞாயிறு காலைக்குள் குருவானவர் ஸ்டானர்டின் காதுக்கு எட்டிவிடும். ஆர்கன் வேலை போய்விடும்.

எனவே இன்று மாலை, தேவாலயத்தில் பூ மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டு, கிறிஸ்துமஸ் நாடகப் பெட்டியிலிருந்து யோசேப்பின் அங்கியைத் திருடினேன். பழுப்பு நிறம், கணுக்கால்வரை, பெரிய முக்காடு. கண்ணாடியில் பார்த்தேன். ஏதோ மடத்துத் துறவி மாதிரி, முகமே தெரியவில்லை. வயதும் இல்லை, ஆணா பெண்ணா என்றும் இல்லை.

வெகு நேரம் கழற்றவில்லை. அதிலேயே முட்டை பொரித்தேன்.

அக்டோபர் 24, சனி

வரிசையாக எழுதவேண்டும்.

கல்லூரிக் கூடம். நாற்காலி கிடையாது. முந்நூறு பேர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஆடவில்லை, பேசவில்லை, ஏதோ பெரிய வெள்ளி ஆராதனை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். எனக்குப் பழகிய கூட்டம்தான். சபையார் இத்தனை ஒழுங்காக உட்காரமாட்டார்கள்.

நாலாவது பாட்டு. ஏற்பாடு இதுதான்: லயனல் வேஷம் மாற்ற மேடைக்குப் பின்னால் போவான், நான் ஒரு நிமிஷம் தனியாக வாசிப்பேன், அவன் கொக்காக வருவான்.

ஒரு நிமிஷம் வாசித்தேன். கண்ணாடியில் பார்த்தேன். கொக்கு வரவில்லை.

இப்போது, ஆர்கன் வாசிப்பவளுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. மணப்பெண் வாசலில் வந்து நிற்கும்வரை நிறுத்தக்கூடாது. டயர் வெடித்திருக்கலாம், அழுதுகொண்டிருக்கலாம், அது நம் கவலை இல்லை. நிறுத்தினால் மௌனம். மௌனம் வந்தால் மாப்பிள்ளைக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிடும். பதினேழு வருடமாக என் எலும்பில் ஊறிய சட்டம். எனவே வாசித்தேன். முதலில் அவர்கள் பாட்டின் மெட்டையே திருப்பிப் போட்டேன். அது தீர்ந்தது. ஒரு தவக்காலப் பாட்டைத் தலைகீழாக வாசித்தேன். அதன்மேல் ஏழு எண்ணிக்கையைக் காலால் போட்டேன். டெரிக் முழித்தான், பிறகு சேர்ந்துகொண்டான். கீத் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வந்தான். கண்ணாடியில் கொக்கு இல்லை. நான் அடுத்த சுருதிக்குப் போனேன். எனக்கு யார் மேலோ கோபம் வந்தது – யார் மேல்? – அது கையில் இறங்கியது. அப்புறம் கோபம் போய்விட்டது, கை நிற்கவில்லை.

லயனலோ ஒன்றரை நிமிஷத்திலேயே அலகோடு தயாராகி, கண்ணாடியில் தெரியாத பக்கத்தில், திரைக்குப் பின்னால் நின்றிருக்கிறான். ஒருவர் தனியாக வாசிக்கும்போது நடுவே நுழைவது அவர்கள் கூட்டத்தில் மகா பாவமாம். நான் முடிக்கட்டும் என்று அவன். அவன் வரட்டும் என்று நான்.

பத்தொன்பது நிமிஷம்.

கடைசியில் அலகின் பாரம் தாங்காமல் அவன் முன்னால் சாய, கண்ணாடியில் மூக்கு தெரிந்தது. அப்பாடா, பெண் வந்துவிட்டாள் என்று பெரிய சுரத்தில் முடித்தேன். முந்நூறு பேரும் எழுந்து நின்றார்கள். கூரை பெயர்கிற சத்தம்.

"மிஸ், எப்ப நிறுத்துவீங்க எப்ப நிறுத்துவீங்கன்னு என் கழுத்தே போச்சு" என்றான் லயனல் வேனில்.

"நீ ஏன்டா வரல?"

"நீங்க ஏன் நிறுத்தல?"

டெரிக் மட்டும், "நாளைக்கும் இதே மாதிரி தப்பு பண்ணுவோமா மிஸ்?" என்று கேட்டான்.

அக்டோபர் 25, ஞாயிறு

ஆராதனை முடிந்து சபை வெளியேறும்போது வாசித்ததில் இடது கால் தானாக ஏழு போட்டுவிட்டது. குருவானவர் வாசலில் கை குலுக்கிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

நவம்பர் 13, வெள்ளி

அந்தத் தப்பை இதுவரை ஐந்து முறை செய்தாகிவிட்டது. ஜைல்ஸ் இடது கையால் எழுதி வைத்துக்கொண்டான். பெயர் 'காத்திருப்பு'. இருபத்திரண்டு நிமிஷம், ஒரு ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க.

மேனேஜர் ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். மொரிஸ். முன்பு கடற்கரை நடன மண்டபம் நடத்தியவர். இருபத்திரண்டு நிமிஷத்தையும் நின்றுகொண்டே கேட்டார். "இதுக்கு யாருமே டான்ஸ் ஆட முடியாதே" என்றார் சந்தோஷமாக. பிறகு முக்காட்டைப் பார்த்து, "தம்பி, நீ யாருப்பா?" என்றார். கழற்றினேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"போட்டுக்கோம்மா. போட்டுக்கோ. யாராச்சும் பாத்துரப்போறாங்க."

நவம்பர் 24, செவ்வாய்

ஜைல்ஸுக்குக் கட்டுப் பிரித்தார்கள். கை மெலிந்து, வெளுத்து, ஆனால் விரலெல்லாம் சரியாக ஆடுகிறது. எனக்கு மிகவும் சந்தோஷம்.

இல்லை. இது என் சொந்த நோட்டு. இதில் எதற்குப் பொய்? அவன் விரல்களை மடக்கி மடக்கிக் காட்டியபோது, ஒன்றாவது மடங்காமல் நிற்காதா என்று பார்த்தேன். ஆறு வாரத்துக்கு இரவல் வாங்கிய இடம். திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று முதல் நாளே தெரியும். தெரிந்தும் எனக்கு அது வேண்டும். சின்னப் பிள்ளை பொம்மையைப் பிடித்துக்கொள்வதுபோல் வேண்டும்.

"தேங்க்ஸ் மிஸ்" என்று கட்டிக்கொண்டான். கன்னத்தைத் தட்டிக்கொடுத்தேன். நன்றாக நடித்தேன்.

நவம்பர் 28, சனி

போகக்கூடாது என்று இருந்தேன். போனேன். கார்டிகனில், கடைசியில், சுவரோரம்.

ஜைல்ஸ் அங்கியில்லாமல் பூப்போட்ட சட்டையில் உட்கார்ந்தான். அழகாகத்தான் வாசித்தான், நான் சொல்லிக்கொடுத்த கை. ஆனால் 'காத்திருப்பு' ஆறாவது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. என் பக்கத்துப் பையன் தன் தோழியிடம், "துறவி எங்க? துறவி வரலியா?" என்றான். பிறகு என்னைப் பார்த்து மரியாதையாக, "பிள்ளைய கூட்டிட்டுப் போக வந்தீங்களாம்மா?" என்று கேட்டான்.

நவம்பர் 29, ஞாயிறு

மதியம் ஜைல்ஸ் வந்தான்.

"லயனல் ரெடியாயிட்டான்னு எனக்குத் தெரியுது மிஸ். தெரிஞ்சப்புறம் என்னால நிறுத்தாம இருக்க முடியல."

"கொஞ்சம் இழுத்துப் பாரேன்."

"இழுத்தா இழுத்த மாதிரியே இருக்கு. உங்களுக்கு நிஜமாவே எப்ப முடியும்னு தெரியாது. அதான் வித்தியாசம்." மூக்கை உறிஞ்சினான். "பொறாமையாத்தான் இருக்கு, சொல்லிட்டேன். ரெக்கார்டிங்குக்கு நீங்க வாங்க. நான் அந்த நாடா ஓடுற பெட்டி வாசிக்கிறேன், புல்லாங்குழல் சத்தமெல்லாம் வருமே, அது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவன் படலைத் தாண்டுவதற்குள் பின்னாலேயே ஓடிச் சரி என்றேன். செருப்பு கூடப் போடவில்லை.

டிசம்பர் 9, புதன்

மின்நிலைய ஊழியர்கள் சம்பளத் தகராறில் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்கிறார்கள், மின்சாரம் இல்லை. சூளையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஐந்து பேரும் அவரவர் பாகத்தை வாயால் பாடிப் பயிற்சி செய்தோம். கீத்தின் கிடார் வாய்வழியாக வரும்போது வாத்து மாதிரி இருக்கிறது.

டிசம்பர் 16, புதன்

லண்டனில் மூன்று நாள். முடிந்தது. 'காத்திருப்பு' ஒரே மூச்சில். ஒலிப்பதிவுக்காரர் முதல் அரை மணி நேரம் என்னிடம் பேசவில்லை. தேநீர் கொடுக்க வந்தவள் என்று நினைத்திருக்கிறார். ஒரு தடவை சர்க்கரை கேட்டார். கொடுத்தேன். பிறகு போய் ஆர்கனில் உட்கார்ந்தேன். அந்த முகத்தை அப்படியே சட்டம் போட்டு மாட்டலாம்.

டிசம்பர் 20, ஞாயிறு

கிறிஸ்துமஸ் நாடகம். அங்கியை நேற்றே பெட்டியில் வைத்துவிட்டேன். துவைக்க மறந்துவிட்டேன்.

யோசேப்பு மேடைக்கு வந்ததும் முதல் இரண்டு வரிசைக்கும் கல்லூரிக் கூடத்தின் வாசனை போயிற்று: சிகரெட், பியர், ஊதுபத்தி. மரியாளாக நடித்த பெண் தும்மினாள். மூன்று ஞானிகளும் தூரமாகவே நின்று காணிக்கை நீட்டினார்கள். முடிந்ததும் குருவானவர் அங்கியை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "யோசேப்பு இந்த வருஷம் வழியில ரெண்டு மூணு சத்திரத்துல தங்கியிருக்காப்ல இருக்கு."

எனக்குச் சிரிப்பா, பயமா? ஆர்கனை இரண்டு முறை பூட்டினேன். அங்கி மறுபடி என் பையில்.

1971 ஜனவரி 22, வெள்ளி

ரெக்கார்டு வந்துவிட்டது. தபால்காரர்கள் வேலை நிறுத்தம். டெரிக் வேனில் கொண்டுவந்து கொடுத்தான். அட்டையில் கல்லறைத் தோட்டத்தில் கொக்கும் முக்காடும். பின்பக்கம் நாலு பெயர்கள். ஐந்தாவதாக: ஆர்கன் – பிரதர் அன்செல்ம்.

துறவிக்கு இந்தப் பெயர் மொரிஸின் யோசனை. சபைக்குத் தெரியாமல் இருக்க எனக்கும் அதுதான் வசதி. நானே தலையாட்டினேன்.

விரலால் அந்தப் பெயரைத் தடவிப் பார்த்தேன். நன்றாக அச்சடித்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 6, சனி

இசைப் பத்திரிகைகளில் ஒன்றின்படி நான் பெல்ஜிய மடத்திலிருந்து ஓடிவந்தவன். மற்றொன்றின்படி பத்தொன்பது வயதுப் பார்வையற்ற மேதை. மூன்றாவது, அங்கிக்குள் யாருமே இல்லை, எல்லாம் இயந்திரம் என்கிறது. என்னிடம் பியானோ கற்கும் டோரதியின் அண்ணன் உறுதியாகச் சொன்னானாம், துறவி செத்துப்போய் இரண்டு வருடமாகிறது என்று.

மதியம் செத்தவள் போய் உருளைக்கிழங்கு வாங்கிவந்தேன்.

பிப்ரவரி 11, வியாழன்

டோரதி வகுப்புக்கு ரெக்கார்டைக் கொண்டுவந்தாள். பன்னிரண்டு வயது. "மிஸ், இந்த மாதிரி வாசிக்கச் சொல்லித் தாங்க."

போட்டுக் கேட்டோம். பதினோராவது நிமிஷத்தில் என்னை மீறிச் சொல்லிவிட்டேன்: "இந்த இடத்துல துறவிக்கு இடது கை மந்தம். கட்டைவிரலத் தப்பா வச்சிருக்கார்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "நீங்க அவர மாதிரி வாசிச்சுட்டு அப்புறம் பேசுங்க மிஸ்."

வாசித்துக் காட்டியிருக்கலாம். விரல் கட்டைமேல்தான் இருந்தது. எடுத்துவிட்டு, சுரவரிசைப் பயிற்சி மூன்றாம் பக்கம் என்றேன். ஏன்? ஒரு சின்னப் பெண்ணிடம் கூட ஏன் சொல்லவில்லை? சபைக்குத் தெரிந்துவிடும் என்றா? அது மட்டும்தானா?

பிப்ரவரி 18, வியாழன்

விற்பனைப் பட்டியலில் இருபத்து மூன்றாவது இடம். லயனல் தொலைபேசியில் அழுதான். பின்னால் கீத்தின் குரல்: "நல்லது."

பிப்ரவரி 27, சனி

மொரிஸ் எல்லாரையும் சூளைக்கு வரவழைத்தார். இத்தாலியில் ரெக்கார்டு இங்கேயைவிட நன்றாகப் போகிறதாம். ஏப்ரல் 3 முதல் ஐந்து வாரம், பதினாறு ஊர். அங்கே துறவி என்றால் கேட்கவேண்டுமா, ஆளாளுக்குப் பைத்தியமாக இருக்கிறார்கள். எனவே மிலானில் முதல் நாள், கடைசிப் பாட்டில், துறவி முக்காட்டைக் கழற்றுவார்.

"கழட்டினா?" என்றேன்.

"உள்ள ஜைல்ஸ் இருப்பான்." மொரிஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் கஷ்டம். "இங்க பாரும்மா. ரெக்கார்டெல்லாம் நீதான் வாசிக்கப்போறே, அதுல மாத்தமே இல்ல. ஆனா அத்தன ஜனம் மூச்சப் பிடிச்சுட்டு நிக்கையில முக்காடு எறங்கி, உள்ள பியானோ டீச்சர் ஒருத்தி மூக்குக்கண்ணாடியோட இருந்தா... சிரிச்சுருவாங்கம்மா. உனக்குத்தான் மனசு சங்கடப்படும்."

டெரிக் எழுந்தான். "யோவ், மிஸ் இல்லாட்டி பாட்டே ஆறு நிமிஷம்யா!"

"ஆறு நிமிஷத்துக்கு இத்தாலிக்காரன் கோவிச்சுக்க மாட்டான்."

ஜைல்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்த அங்கி எனக்குச் சேராது" என்றான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது: "எப்படியும் என்னால வரமுடியாது. ஏப்ரல் பதினொண்ணு ஈஸ்டர். சர்ச்ச விட்டுட்டு எங்க வர்றது?"

மொரிஸ் பெருமூச்சு விட்டார். "பாத்தீங்களா? அவங்களே சொல்லிட்டாங்க."

மார்ச் 3, புதன்

அவங்களே சொல்லிட்டாங்க.

மார்ச் 7, ஞாயிறு

மாலை ஆராதனை முடிந்து நான் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது குருவானவர் ஸ்டானர்ட் ஆர்கன் மாடத்துக்கு ஏறிவந்தார். ஆஸ்துமாவோடு இருபத்தாறு படி. எப்போதும் ஏறமாட்டார். மூச்சு வாங்கி முடிக்க நேரமாயிற்று. வேலை போயிற்று என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

"ஹெஸ்டர், இத்தாலிக்கு என்னைக்குக் கிளம்புறீங்க?"

துணி கையிலிருந்து கட்டைமேல் விழுந்து ஒரு சுரம் ஒலித்தது.

"ஐயா, உங்களுக்கு..."

"அக்டோபர்லருந்து தெரியும். பதினேழு வருஷமா உங்க முன்னால மூச்சு விட்டவன் நான். உங்க காலு ஏழு போட்டா எனக்குத் தெரியாதா? தங்கச்சி மகன் ரெக்கார்டு கொண்டாந்தான், இத்தாலிப் பயணம் பத்திரிகையில வந்திருக்குன்னும் சொன்னான். என் தவக்காலப் பாட்டு தலைகீழா வருது. கெட்டிக்காரத்தனம், போங்க."

"சபையார் என்ன சொல்வாங்க?"

"பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேரு, உங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்குன்னு நெனச்சிட்டிருக்காங்க, நடையில ஒரு துள்ளல் வந்திருக்கேன்னு." இருமினார். "ஈஸ்டருக்கு என் பெரியப்பா பையனச் சொல்லிருக்கேன். எல்லாத்தையும் சவ ஊர்வலம் மாதிரி வாசிப்பான். உயிர்த்தெழுறதுக்குக் கொஞ்சம் லேட்டாகும். பரவால்ல, மே மாசம் வந்துருவீங்கல்ல?"

அவர் இறங்கிப் போன பிறகும் மாடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நிம்மதிதானே வரவேண்டும்? வரவில்லை. எரிச்சலாக வந்தது. ஐந்து மாதமாக ஒரு சபையே என்னைக் கட்டிவைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கட்டு எதுவும் இல்லை. ஒலிப்பதிவுக்காரருக்குச் சர்க்கரை கொடுத்தது யார்? டோரதியிடம் மூன்றாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னது யார்? மொரிஸ் 'சிரிச்சுருவாங்க' என்றபோது, அதை அவருக்கு முன்பே நினைத்துவைத்திருந்தவள் யார்?

நல்ல வசதியான முக்காடு. வாசிக்கிறவள் நான், பயப்படுகிறவளும் நான், இருவரும் ஒரே அங்கியில்.

மார்ச் 12, வெள்ளி

வேலை நிறுத்தம் முடிந்துவிட்டது. ஏழு வாரக் கடிதம் ஒரே மூட்டையாக. மொரிஸ், "எல்லாம் துறவிக்குத்தான், நீயே பதில் போடும்மா, உனக்குத்தான் கையெழுத்து நல்லாருக்கு" என்று டெரிக்கிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அவனும் நானும் சமையலறை மேஜையில் கொட்டிப் படித்தோம்.

மான்செஸ்டர் பெண் ஒருத்தி, மடத்தை விட்டால் என்னை மணக்கத் தயார், அம்மாவிடம் பேசிவிட்டாளாம். ஒரு பல் மருத்துவர், பல் பிடுங்கும்போது ரெக்கார்டின் இரண்டாம் பக்கத்தைப் போடுகிறார், நோயாளிகள் அசைவதில்லை. நிஜ மடத்திலிருந்து நிஜத் துறவி ஒருவர், நான் கட்டியிருக்கும் கயிற்றில் முடிச்சு தப்பு என்று படம் போட்டு எழுதியிருக்கிறார்.

"மிஸ், எல்லாரும் தம்பி, சகோதரா, ஐயான்னே போடுறாங்க" என்றான் டெரிக். "எனக்கே கடுப்பா இருக்கு. உங்களுக்கு இல்லியா?"

மேஜை விளிம்பில் ஒன்று தனியாகக் கிடந்தது. மிலான் ரெக்கார்டு கம்பெனியிலிருந்து, சிஞோரா பெல்லாட்டி என்பவர், நேராகத் துறவிக்கே. மெனக்கெட்ட ஆங்கிலம். சுவரொட்டி அச்சுக்குப் போகிறது, மாதக் கடைசிக்குள் அருள்கூர்ந்து தங்கள் முகத்தின் ஒரு படம் அனுப்ப முடியுமா, தங்கள் மேலான சபை அதற்கு அனுமதி தருமா?

டெரிக் அதைப் பார்க்கவில்லை. நான் காட்டவும் இல்லை.

மார்ச் 20, சனி

மொரிஸ் காலையில் பேசினார். செவ்வாய்க்கிழமை ஜைல்ஸுக்கு லண்டனில் படம் எடுக்கிறார்கள், அங்கியை இஸ்திரி போட்டு அனுப்பு என்றார். சரி என்றேன். நாள் முழுவதும் யாரிடமும் நான் பேசிய வார்த்தை அது ஒன்றுதான்.

பேருந்து பிடித்துக் கேன்டர்பரி ரயில் நிலையத்துக்குப் போனேன். அங்கே திரை போட்ட படக்கூண்டு இருக்கிறது. பாஸ்போர்ட் படம் வேண்டும். அதில் தலையை மூடக்கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். முக்காலியைச் சுழற்றி உயரம் சரிசெய்வதற்குள் முதல் வெளிச்சம் அடித்துவிட்டது. பாதி நெற்றிதான் விழுந்திருக்கிறது. இரண்டாவதில் ஆயர் வீட்டு ஆயா மாதிரி இருக்கிறேன். நான்காவதும் அப்படியே. மூன்றாவதில், வெளியே காத்திருந்த ஒரு ஆள், "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் தெரிய, மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்து, கார்டிகனின் மேல் பொத்தான் மாற்றிப் போட்டபடி.

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து படத்தின் ஈரம் காயும்வரை பார்த்தேன். இவள் யார்? இவளை மிலானில் பார்த்தால் சிரிப்பார்களா? சிரிக்கட்டுமே. அவளும்தான் சிரிக்கிறாள்.

இரண்டாவதும் நான்காவதும் பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு போகின்றன. மூன்றாவதை இப்போது ஒரு உறையில் போட்டுவிட்டேன். மேலே எழுதிய முகவரி மொரிஸுடையது அல்ல, சிஞோரா பெல்லாட்டியுடையது. கூடவே ஒரு வரி: சபை அனுமதித்துவிட்டது.

படத்தின் பின்பக்கம், பென்சிலில் அல்ல மையில், பெரிதாக எழுதினேன். ஹெஸ்டர் க்வென்னல், ஆர்கன்.

திங்கட்கிழமை முதல் தபாலில் போகும்.